கைபேசியில் மோட்டார், கிணற்றில் உப்பு

உப்பளத் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீரைத் திறந்துவிடுமுன் அதன் அடர்த்தி என்ன என்று பார்த்துக் கொள்வார்கள். அனுபவம் மிக்கவர்கள் நீரின் நிறத்தைக் கண்டே சொல்லிவிடுவார்கள். ஐயம் இருந்தால் கண்ணாடியாலான சிறு மிதவைக் குழல் ஒன்றை நீரில் மிதக்க விடுவார்கள். அது எத்தனை பாகை காட்டுகிறதோ, அதற்கேற்ப மடை திறக்கும் அல்லது மூடும்.

கடல்நீர் அந்தக் குழலில் 3 முதல் 3.5 பாகை வரை காட்டும். வெயிலில் காய்ந்து 13 பாகையைத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 பாகையை எட்டியதும் உப்பு பூக்கும். 29, 30 பாகைக்கு மேல் நீரைப் பாத்தியில் வைத்திருந்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும், நீர்த்துப் போகும். ஆகவே அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். 1768-ல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் கண்டுபிடித்த கருவி இது. இதற்கு மின்சாரம் வேண்டாம். பழுது பார்ப்பவரும் வேண்டாம். ஆனால் ஓர் ஆண்டின் விளைச்சல் அதன் பாகையில் தொங்கிக் கொண்டிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கடற்கரையில் உப்பளங்களின் வரப்பைத் தாண்டி மேற்கே நடந்தால் நெல் வயல்களும், மணிலாக் கொல்லைகளும், தர்ப்பூசணியும், சவுக்குத் தோப்புகளும் வந்துவிடுகின்றன. அதே வெயில், அதே கடல், அதே மண்ணடி நீர். அங்கே உப்பு விளைய வேண்டும். இங்கே உப்பு வரக்கூடாது. உப்பை வேண்டுகிறவர் நாள்தோறும் நீரை அளக்கிறார். உப்பை வேண்டாதவர் அளப்பதே இல்லை. இது விந்தையான நிலைமை. புதுப் புதுக் கருவிகள் கொல்லைக்குள் நுழையும் இக்காலத்தில் இது ஆபத்தான நிலைமையும் ஆகும்.

மென்பொருள் வேலையும் கொல்லை வேலையும்

சென்னை தரமணியில் டைடல் பூங்கா 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களிலிருந்து படித்த பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போயினர். 2024 பிப்ரவரியில் மரக்காணத்தை அடுத்த வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்திலேயே 63,000 சதுர அடியில் ஒரு சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. மென்பொருள் வேலை இப்போது உப்பளக் கரையின் பக்கத்திலேயே வந்துவிட்டது எனலாம்.

அத்தகைய வேலையில் இருக்கும் பிள்ளை ஒருவர் சனிக்கிழமை ஊருக்கு வருவதாக எண்ணிப் பார்க்கலாம். தகப்பனார் இரவு 11 மணிக்கு டார்ச்சு விளக்குடன் கொல்லைக்குக் கிளம்புகிறார். மும்முனை மின்சாரம் வரும் நேரம் அது. பிள்ளைக்கு மனம் பொறுக்கவில்லை.

"அப்பா, இனிமே ராத்திரியிலே கொல்லைக்கு நடக்காதீங்க. ஒரு கருவி வாங்கி மாட்டிடறேன். படுத்த இடத்திலேயே போன்ல மோட்டாரைப் போட்டுடலாம்."

"போட்டுடலாம்டா தம்பி. எப்ப நிறுத்தணும்னு அந்தப் போனு சொல்லுமா?"

தகப்பனார் கேட்ட கேள்வியில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. அதற்கு விடை காண, அந்தப் பிள்ளையின் சொந்த வேலையையே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அலுவலகத்தில் ஒரு கடிதம் எழுதி, தட்டச்சு செய்து, தபாலில் சேர்த்து, பதில் வரப் பத்து நாட்கள் ஆகும். கணினியும் கைபேசியும் வந்தபின் அது பத்து நொடியில் முடிந்துவிடுகிறது. அதனால் அலுவலக ஊழியருக்கு ஒன்பது நாட்கள் ஓய்வு கிடைத்ததா என்றால், இல்லை. ஒரு கடிதம் போன இடத்தில் நூறு செய்திகள் போகின்றன. வேலை மேசையை விட்டு எழுந்து, பிள்ளையின் சட்டைப் பையில் ஏறி, வீட்டுக்கே வந்துவிட்டது. சனிக்கிழமை சாப்பாட்டு இலையின் முன்னும் கைபேசி அதிர்கிறது.

இது ஒருவரின் குறை அல்ல. உலகம் முழுவதும் உள்ள நிலை. வேலை நேரம் முடிந்தபின் அலுவலகச் செய்திக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைச் சட்டத்திலேயே எழுத வேண்டிய நிலை வந்தது. பிரான்சு நாட்டில் 2017-லும், ஆஸ்திரேலியாவில் 2024-லும் அப்படிப்பட்ட சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.

ஒரு வேலை எளிதானால் அது குறையும் என்று மனிதர் நினைக்கிறார். பெரும்பாலும் அது பெருகவே செய்கிறது. 1865-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் நிலக்கரியைப் பற்றி இதையே எழுதினார். குறைந்த கரியில் ஓடும் நல்ல நீராவி எந்திரம் வந்தால் கரிச் செலவு குறையவில்லை; எந்திரங்கள் பெருகி, கரி இன்னும் அதிகமாகவே எரிந்தது. செய்திக்கும் கரிக்கும் பொருந்தும் இந்த விதி கிணற்று நீருக்கும் பொருந்தும்.

நல்ல கருவி, நல்ல நோக்கம்

கைபேசியால் மோட்டாரை இயக்கும் கருவியை இகழ்வதற்கில்லை. புனே நகரைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர், வயது முதிர்ந்த தம் பாட்டனார் மோட்டாரைப் போடுவதற்காக வயலுக்கு நடந்து பட்ட துன்பத்தைக் கண்டு மனம் வருந்தி, 'நானோ கணேஷ்' என்ற கருவியை உருவாக்கினார். 2009-ல் நோக்கியா நிறுவனம் நடத்திய உலகப் போட்டியில் அது பரிசு பெற்றது. அதன்பின் பல நிறுவனங்கள் இத்தகைய கருவிகளைச் செய்து விற்கின்றன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையும் அண்மை ஆண்டுகளில் இவற்றை மானியத்தில் வழங்கியுள்ளது.

இருட்டில் வரப்பில் நடப்பவரைப் பாம்பு தீண்டுகிறது. மழை நாளில் மின்பெட்டியைத் தொட்டவர் உயிரிழக்கிறார். வெளியூரில் பிள்ளைகள் இருக்க, வயது முதிர்ந்தோரும் பெண்களுமே பல கொல்லைகளைப் பார்த்துக் கொள்கின்றனர். அவர்களுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் காவிரிப் பாசனத்திலோ, மேட்டு நிலத்திலோ உள்ள உழவர் இக்கருவியை மாட்டுவதும், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள உழவர் மாட்டுவதும் ஒன்றல்ல. மேட்டு நிலத்தில் மோட்டார் அதிக நேரம் ஓடினால் கிணறு வற்றும்; மழை பெய்தால் ஊறும். கடற்கரையில் மோட்டார் அதிக நேரம் ஓடினால் கிணறு வற்றாமலும் போகலாம். நல்ல நீர் போன இடத்தில் கடல்நீர் வந்து நிரப்பிவிடும். கிணறு நிறைந்திருப்பதைக் கண்டு உழவர் மகிழ்ந்திருப்பார். பயிர்தான் உண்மையைச் சொல்லும். அது சொல்லும்போது காலம் கடந்திருக்கும்.

கிணற்றுக்கு அடியில் கடல்

கடலோர நிலத்தின் அடியில் நல்ல நீர் தனியாக இல்லை. கனமான உப்புநீர் கீழே நிற்க, அதன்மேல் லேசான நல்ல நீர் மிதந்து கொண்டிருக்கிறது. பாலின்மேல் ஆடை மிதப்பது போன்ற அமைப்பு இது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 மீட்டர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரைத் தள்ளி நிறுத்தும் என்று ஐரோப்பிய நாட்டு அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் கூறியுள்ளனர்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் பிறக்கும். இறைத்து இறைத்து நல்ல நீரின் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழே உள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் வரை மேலேறி வரக்கூடும். மோட்டாரின் உறிஞ்சு குழாய்க்கு நேர் கீழே அது கூம்பு போல் எழும். கிணற்றை மேலும் ஆழப்படுத்துவதும், குழாயை மேலும் இறக்குவதும் உப்பைத் தேடிப் போவதற்கு ஒப்பாகும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் நகரத்துக் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் நிலத்தடி நீர் ஓயாமல் இறைக்கப்பட்டது. 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர், 1983-ல் சுமார் 9 கிலோமீட்டர் வரை உள்நாட்டில் ஏறிவிட்டது. ஏற 14 ஆண்டுகள் ஆயின. திரும்பி இறங்குவதற்கு அதைவிடப் பல மடங்கு காலம் வேண்டும்.

மரக்காணத்தின் தெற்கே, கழிமுகத்தின் வழியாகக் கடலோடு தொடர்புள்ள கழுவெளி என்னும் பெரிய சதுப்பு ஏரி இருக்கிறது. அது 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே நல்ல நீரும் உப்பு நீரும் கலப்பது இயற்கை. கிழக்கே கடல், நடுவே பக்கிங்காம் கால்வாயும் உப்பளங்களும், தெற்கே கழுவெளி. இவற்றின் நடுவில் கிணறு வெட்டிப் பயிர் செய்யும் உழவர், மற்ற ஊர் உழவரை விட இரட்டிப்பு விழிப்புடன் இருக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தின் விலை

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கைபேசிக் கருவி வந்தபின், நடந்து போய் நிறுத்த வேண்டிய கவலை இல்லை. தூக்கத்தில் இரவுதோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடிவிடுகிறது. 90 இரவுகளில் கூடுதலாக இறைத்த நீர் 18 லட்சம் லிட்டர்.

அந்த நீரின் மின்கடத்தும் திறன் 2 டெசிசீமன்ஸ் என்று வைத்துக் கொண்டால், ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 1,280 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கும். 18 லட்சம் லிட்டரில் சுமார் 2,300 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையாக எண்ணினால் 46 மூட்டை. பயிர் நீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். கொல்லைக்கு 46 மூட்டை உப்பைச் சுமந்து வந்து தூவ எந்த உழவரும் சம்மதிக்க மாட்டார். ஆனால் தூங்கிக் கொண்டிருக்கும்போது அது தானாகவே தூவப்படுகிறது. மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் பணப்பையிலும் அது தெரிவதில்லை.

மண்ணில் உப்பு ஏறினால் விளைச்சல் எப்படிக் குறையும் என்பதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகள் உள்ளன. மண் சாற்றின் மின்கடத்தும் திறன் 3 டெசிசீமன்ஸ் வரை நெல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதம் விளைச்சல் குறையும். மணிலா 3.2 வரை தாங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 29 சதம் குறைந்துவிடும். மணிலா படிப்படியாகத் தளராது, திடீரென்று சரியும். கடலோரத்து மணிலா உழவர் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

நடையில் இருந்த கண்காணிப்பு

இரவில் கொல்லைக்கு நடப்பது வெறும் துன்பம் மட்டுமன்று. அதில் வேலையும் இருந்தது. நடந்து போகிறவர் வாய்க்காலில் எலி வளை உண்டா, மடை உடைந்திருக்கிறதா என்று பார்த்துக் கொண்டே போவார். தொட்டியில் விழும் நீரைக் கையில் ஏந்தி வாய் கொப்பளிப்பார். கரித்தால் அவருக்குத் தெரியும். காலையில் மண்மேல் வெள்ளை பூத்திருந்தால் கண்ணில் படும். வீடு திரும்ப வேண்டும் என்பதால் மோட்டாரையும் நேரத்தில் நிறுத்துவார். கால் வலி ஒரு வேலியாக இருந்தது.

கைபேசிக் கருவி வந்ததும் நடை நின்றுவிடுகிறது. நடையோடு சேர்ந்து பார்வையும், நாக்கின் சுவையும், நிறுத்தும் நேரமும் போய்விடுகின்றன. ஒரு கருவி எதை எளிதாக்குகிறது என்று விற்பவர் சொல்வார். எதை எடுத்துச் செல்கிறது என்பதை உழவர்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். எடுத்துச் சென்றதை ஈடு செய்ய வழி செய்தபின் கருவியை மாட்டினால் தவறில்லை.

ஆகவே கடலோர உழவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: ஓட்டும் கருவியை வாங்குமுன் அளக்கும் கருவியை வாங்க வேண்டும். உப்பளத்தில் இருக்கும் அந்த ஒழுங்கு கொல்லைக்கும் வர வேண்டும்.

அளப்பது எப்படி?

நீரின் உப்பை அளக்கப் பேனா வடிவில் சிறிய மின்கடத்து அளவுமானிகள் இப்போது கிடைக்கின்றன. அதன் முனையை நீரில் நனைத்தால் எண் தெரியும். வாங்கும்போது அது டெசிசீமன்ஸ் அல்லது மில்லிசீமன்ஸ் அலகில் காட்டுகிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. பழைய மண் ஆய்வு அறிக்கைகளில் மில்லிமோ என்று இருக்கும். எண்ணில் வேறுபாடு இல்லை. குடிநீர் பார்ப்பதற்கென்று விற்கும் மலிவுப் பேனாக்கள் பி.பி.எம். அளவில் காட்டும். சில கருவிகள் 500-ஐயும், சில 640-ஐயும் பெருக்கிக் காட்டுவதால், இரண்டு வீட்டுப் பேனாக்களை ஒப்பிட்டால் குழப்பம் வரும்.

அளக்கும் முறையும் முக்கியம். மோட்டார் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து ஒரு முறையும், நிறுத்துவதற்குச் சற்று முன் ஒரு முறையும் சுத்தமான குவளையில் நீர் பிடித்து அளக்க வேண்டும். கோடையில் வாரம் ஒரு முறை, மற்ற நாட்களில் மாதம் இருமுறை போதும். எண்ணையும், மோட்டார் ஓடிய மணி நேரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதாத அளவு மறந்து போகும். அளவுமானியை அவ்வப்போது 1.413 என்று குறிக்கப்பட்ட நிலையான கரைசலில் நனைத்துச் சரிபார்ப்பதும், பயன்படுத்தியபின் நல்ல நீரில் கழுவி வைப்பதும் அவசியம்.

0.75 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு அந்த நீர் ஏற்றது. 0.75 முதல் 2.25 வரை இருந்தால் வடிகால் உள்ள நிலத்தில், தாங்கும் பயிருக்குக் கவனத்துடன் பாய்ச்சலாம். 2.25-க்கு மேல் போனால் சாதாரணப் பயிர்களுக்கு அந்த நீரை நம்பக் கூடாது. ஆயினும் கடற்கரையில் ஒரு நாளைய எண்ணை விட, அது போகும் திசையே முக்கியம். சென்ற பங்குனியில் 1.1 இருந்து இந்தப் பங்குனியில் 1.6 ஆனால், பயிர் வாடாவிட்டாலும் அது எச்சரிக்கைதான். மோட்டார் தொடங்கும்போது 1.2, நிறுத்தும்போது 1.9 என்று காட்டினால், கீழிருந்து உப்புநீர் எழத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

எண் ஏறினால் செய்ய வேண்டியவை

முதலில் மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டுவதை விட வேண்டும். நான்கு மணி நேரம் ஒரே மூச்சில் இறைப்பதை, இடைவெளி விட்டு இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரித்தால் கிணறு ஊறவும், உப்புக் கூம்பு தணியவும் வாய்ப்புண்டு. இங்கேதான் கைபேசிக் கருவி உண்மையில் கைகொடுக்கும். நடந்து போய்ப் போட்டு நிறுத்துவதென்றால் இப்படிப் பிரித்து ஓட்ட முடியாது. நேரம் குறித்து வைத்தால் தானே நிறுத்தும் வசதி உள்ள கருவியையே வாங்க வேண்டும். ஓட வைக்க மட்டும் தெரிந்த கருவி கடற்கரைக்கு ஏற்றதல்ல.

அடுத்து, குதிரைத்திறன் கூடிய மோட்டாருக்கு ஆசைப்படாமல் இருப்பதும், கிணற்றை ஆழப்படுத்தாமல் இருப்பதும் நலம். ஏரி நீரோ, பண்ணைக் குட்டை நீரோ இருந்தால் கிணற்று நீருடன் கலந்து பாய்ச்சலாம். முளைக்கும் பருவத்தில் பயிர் உப்பை மிகக் குறைவாகவே தாங்கும் என்பதால், உள்ள நல்ல நீரை அந்த நாட்களுக்கு ஒதுக்க வேண்டும். உவர் நீரைத் தெளிப்பு முறையில் இலைமேல் படும்படி பாய்ச்சக் கூடாது. சொட்டு நீர் நல்லது. ஈரம் பரவும் விளிம்புக்கு உப்பு ஒதுங்கிவிடும். ஆனால் சிறு தூறல் விழும்போது சொட்டு நீரை நிறுத்தினால் ஒதுங்கிய உப்பு மீண்டும் வேருக்கு வந்துவிடும். நல்ல மழை பெய்யும் வரை சொட்டு நீர் ஓடட்டும்.

உப்பு என்றதும் ஜிப்சம் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு மருந்து. மணிலாவுக்கும் அது வேறு காரணத்துக்காகத் தேவை. வெறும் உவர் நிலத்தை அது திருத்தாது. உவரை வெளியேற்றுவது வடிகாலும் மழைநீருமே. களரா, உவரா என்பதை மண் ஆய்வு செய்து தெரிந்துகொள்ள வேண்டும். திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை இதற்கு அணுகலாம். கட்டணமில்லாத உழவர் அழைப்பு மையத்தின் எண் 1800-180-1551.

ஒருவர் அளந்தால் போதாது

வரப்பு மேலேதான் இருக்கிறது. அடியில் நீருக்கு வரப்பு இல்லை. ஒருவர் அளந்து சிக்கனமாக இறைக்க, பக்கத்துக் கொல்லையில் இரவெல்லாம் மோட்டார் ஓடினால் இருவர் கிணறும் கரிக்கும். ஆகவே வீட்டுக்கு ஓர் அளவுமானி வாங்குவதைவிட, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்குவது நல்லது. வாரம் ஒரு நாள் எல்லாக் கிணறுகளையும் அளந்து, எண்களை ஊர்ப் பொது இடத்தில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடலாம். யார் கிணறு ஏறுகிறது என்று எல்லோரும் பார்த்தால், யார் மோட்டாரைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் தானே எழும். பள்ளிப் பிள்ளைகளும், மகளிர் குழுவினரும் இந்த வேலையைச் செவ்வனே செய்ய முடியும்.

அளந்த செய்தியைப் பொதுவில் வைப்பதன் பயனைப் பக்கத்துப் புதுச்சேரி காட்டியிருக்கிறது. 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. கடலின் அலை உயரம் எவ்வளவு இருக்கும் என்ற செய்தியைக் கணினியில் எடுத்து, மீனவ ஊரில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினி ஒன்றுதான், கேட்டவர் ஊர் முழுவதும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் அந்த ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினர். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். அன்றாட வேலைக்காக ஊரார் பழகி வைத்திருந்த கருவி ஆபத்துக் காலத்தில் கை கொடுத்தது.

2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழைக்குப் பின் கிணறுகள் நிறைந்து, நீர் இனித்து, அளவுமானி நல்ல எண்ணே காட்டும். அதை நம்பிக் கோடையில் கைவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். தொடர்ந்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

அரசின் பங்கு

பெண்கள் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் வாங்க, விலையில் 80 சதம் வரை, 8 லட்சம் ரூபாய் உச்ச அளவாக, நடுவண் அரசு உதவி அறிவித்துள்ளது. மோட்டார் கருவிக்கும் மானியம் கிடைத்துள்ளது. ஓட்டும் கருவிகளுக்கு மானியம் தருவது தவறன்று. ஆனால் கடலோர வட்டங்களில் கைபேசி மோட்டார் கருவிக்கு மானியம் கொடுக்கும்போது, ஊருக்கு ஓர் அளவுமானியையும், அதைச் சரிபார்க்கும் கரைசலையும், ஒரு நாள் பயிற்சியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். செலவு மிகச் சொற்பம். இதைச் செய்யாமல் மோட்டாரை மட்டும் எளிதாக்கினால், அரசுப் பணத்தில் கடலைக் கிணற்றுக்கு அழைத்து வந்ததாக முடியும்.

பிள்ளை கொண்டு வர வேண்டியது

மென்பொருள் வேலைக்குப் போன பிள்ளைகள் ஊருக்குக் கருவிகளை மட்டும் வாங்கி வர வேண்டியதில்லை. அவர்கள் தொழிலில் இரண்டு நல்ல பழக்கங்கள் உள்ளன. எதையும் முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்த பின்பே முழுவதிலும் செயல்படுத்துவார்கள். எது எப்போது மாறியது என்று தவறாமல் பதிந்து வைப்பார்கள். கொல்லைக்கு இவ்விரண்டும் விலையுயர்ந்த கருவிகளைவிடப் பயன் தரும். தகப்பனார் சொல்லச் சொல்ல அந்த எண்களை எழுதி வைப்பதும், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுச் சொல்வதும் பிள்ளைக்குச் சனிக்கிழமை அரை மணி நேர வேலை.

பிள்ளையும் ஊரிலிருந்து ஒன்றைக் கற்றுக் கொண்டு போகலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். வருமானம் இல்லாத அந்த மாதங்கள் உப்பளத் தொழிலாளருக்குக் கடினமானவை; அதைப் போற்றிப் பேசுவதற்கில்லை. ஆனால் நிறுத்தும் காலம் ஒன்று உண்டு என்பதை அத்தொழில் அறிந்திருக்கிறது. 30 பாகைக்கு மேல் நீரை வைத்திருந்தால் உப்பு கசந்துவிடும் என்பது அளத்துக்காரருக்குத் தெரியும். கைபேசிக்குத் தானாக அது தெரியாது. எவ்வளவு நேரம் வேலை, எப்போது நிறுத்தம் என்ற அளவை மனிதர்தான் வைக்க வேண்டும்.

மோட்டாரைப் போடக் கைபேசி போதும். நிறுத்தும் நேரத்தைக் குவளை நீரில் நனைந்த அளவுமானியும், நோட்டுப் புத்தகத்தில் எழுதிய எண்ணும் சொல்லும். வரும் தை மாதம் மணிலா விதைப்புக்கு முன் மரக்காணம் வட்டத்து உழவர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து ஓர் அளவுமானி வாங்கி, தங்கள் கிணறுகளை ஒரு முறை அளந்து எழுதி வைத்தால், அடுத்த தை மாதத்தில் ஒப்பிட ஓர் எண் இருக்கும். கைபேசிக் கருவியை அதற்குப் பின் வாங்கினாலும் காலம் தாழ்ந்துவிடாது.